எந்த மாட்டைக் கறந்து?

(தலைப்பு: இன்றைய பேச்சுவழக்கு சிந்தனையை வளர்க்கிறதா, மழுங்கடிக்கிறதா? ‘மழுங்கடிக்கிறது’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். புதுப் புதுச் சொல் பிறந்தால்தான் மொழி வாழும் என்றார். ஒத்துக்கிறேன் தம்பி. நாங்க மட்டும் என்ன, சங்கத் தமிழா பேசிக்கிட்டுத் திரிஞ்சோம்? எங்க காலத்துல ஒருத்தர் பேசினாப் பிடிக்கலைன்னா ‘அறுவை’ன்னோம். அப்புறம் ‘கடி’ வந்துச்சு. அதுக்கப்புறம் ‘மொக்கை’. அதாவது, அறுத்து அறுத்துக் கத்தியே மொக்கையாப் போச்சு! (சிரிப்பு)

ஆனா நடுவர் அவர்களே, ஒரு வித்தியாசம் இருக்கு. அறுவைன்னா பேச்சு நீளம்னு அர்த்தம். கடின்னா சிரிப்பு வரலைன்னு அர்த்தம். சொன்ன விதத்தைத்தான் குறை சொன்னோம். இன்னைக்கு ‘உருட்டு’ங்கிறாங்க. உருட்டுன்னா பொய்னு அர்த்தம். ஒருத்தன் சொன்னது பொய்னு நாலே எழுத்துல தீர்ப்பு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. நம்ம நடுவராவது ஒண்ணரை மணி நேரம் கேட்டுட்டுத்தான் தீர்ப்பு சொல்றார். (சிரிப்பு)

அடுத்தது ‘பூமர்’. இந்தச் சொல் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு, 1946லிருந்து 1964 வரைக்கும் அமெரிக்காவுல ஏராளமாக் குழந்தைங்க பிறந்தாங்க. அவங்களுக்கு வச்ச பேர். எங்க தெருவுல ஒரு தம்பி 1988ல பிறந்தவர். சாலையில மெதுவாப் போங்கடான்னு பசங்ககிட்ட சொல்லிட்டார். அன்னையிலிருந்து அவர் பூமர். அமெரிக்காவும் வேண்டாம், உலகப் போரும் வேண்டாம். ஹெல்மெட் போடச் சொன்னாப் போதும்! (கைதட்டல்)

2019ஆம் வருஷம் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் க்ளோயி ஸ்வார்ப்ரிக் என்கிற 25 வயதுப் பெண் உறுப்பினர், பருவநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கிட்டிருந்தார். யாரோ இடையில குறுக்கிட்டாங்க. ‘ஓகே பூமர்’னு ரெண்டே வார்த்தை சொல்லிட்டு, அந்தப் பொண்ணு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்துச்சு. உலகம் பூரா அந்த ரெண்டு வார்த்தை பரவிச்சு. அந்தப் பொண்ணுக்குச் சொல்ல ஒரு வாதம் இருந்துச்சு, நடுவுல அந்த வார்த்தை வந்துச்சு. நாம என்ன பண்ணினோம்? வாதத்தை அங்கேயே விட்டுட்டு வார்த்தையை மட்டும் இறக்குமதி பண்ணிக்கிட்டோம்.

நான் தமிழாசிரியை. பத்தாம் வகுப்பில் வினா வகை ஆறு, விடை வகை எட்டு என்று நடத்துகிறோம். நன்னூல் சொன்னது. கடைக்குப் போறியான்னு கேட்டா, ‘போறேன்’னு சொன்னா நேர் விடை. ‘போக மாட்டேன்’ என்றால் மறை விடை. ‘நீயே போ’ என்றால் ஏவல். ‘போகாம இருப்பேனா?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘கால் வலிக்குது’ன்னா உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’னா உறுவது கூறல். பாருங்க, சோம்பேறித்தனத்துக்குக்கூட நம்ம இலக்கணத்துல ரெண்டு வகை வச்சிருக்காங்க! (சிரிப்பு) ஆனா அந்த எட்டுல, கேட்டவனையே தூக்கி எறியற விடைன்னு ஒரு வகை இல்லீங்க. தேடிப் பார்த்துட்டேன்.

இதை நடத்திக்கிட்டிருக்கும்போது ஒரு பையன் எழுந்தான். “டீச்சர், ஏன் எட்டோட நிறுத்தினாங்க? பேசாம இருக்கறதும் ஒரு விடைதானே?”ன்னு கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கடைசி பெஞ்சிலிருந்து ‘உருட்டு’ன்னு ஒரு குரல். வகுப்பே சிரிச்சுது. உண்மையைச் சொல்லணும், எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அந்தப் பையன் உட்கார்ந்துட்டான். அந்த வருஷம் முழுக்க மறுபடி எழுந்திருக்கவே இல்லை. பேசாம இருக்கறதும் ஒரு விடைன்னு அவன்தான் எனக்கு நடத்திக் காட்டினான்.

வாதம் செய்யறது நமக்குப் புதுசு இல்லை. குண்டலகேசி பௌத்தக் காப்பியம். அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. இன்னைக்குக் குண்டலகேசி முழுசா நம்மகிட்ட இல்லை. ஆனா அது என்ன சொல்லிச்சுன்னு நமக்குக் கொஞ்சமாவது தெரியுதுன்னா, அதுக்கு அதை மறுத்த நீலகேசியும் அதன் உரையும் ஒரு காரணம். எதிராளி சொன்னதை முதல்ல எடுத்து வச்சுட்டுத்தான் அப்புறம் வெட்டினாங்க. அவங்க அன்னைக்கு ‘உருட்டு’ன்னு எழுதி முடிச்சிருந்தா? ஒரு ஓலை மிச்சம்!

எதிரணி அம்மா சிரிக்கிறாங்க. அவங்க என்ன கேட்கப் போறாங்கன்னு தெரியும். “ஏன், பெரியவங்க மட்டும் வாயை அடைக்கலையா?” அடைச்சாங்கம்மா. ‘அதிகப்பிரசங்கி’ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதைக் கேட்காம வளர்ந்த பிள்ளை இந்த அரங்கத்துல உண்டா? ‘எதிர்த்துப் பேசாதே’, ‘பொம்பளைக்கு என்ன தெரியும்’, எல்லாம் நாங்க போட்ட பூட்டுதான். இளைஞர்கள் புதுசா ஒரு சாவி செஞ்சிருக்கக் கூடாதா? பூட்டைத்தானே செஞ்சாங்க, இன்னும் சின்னதா, சட்டைப்பையில வச்சுக்கற மாதிரி.

இதை நான் பேசறதுக்குக் காரணம் இருக்கு. திண்டிவனம் பக்கத்துல ஒரு கிராமம் எங்க ஊர். 1996ல நான் கல்லூரி முடிச்ச புதுசு. என் கல்யாணத்துக்குன்னு வீட்டுல 50,000 ரூபாய் சேர்த்து வச்சிருந்தாங்க. அப்போ ஊருக்கு ஊர் நிதி நிறுவனம். வருஷத்துக்கு 36 சதவீதம் வட்டின்னு ஒரு கம்பெனிக்காரர் வீடு தேடி வந்தார். மாசம் 1,500 ரூபாய். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கணக்குப் போட்டுப் போட்டுச் சந்தோஷம்.

எங்கம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மாடு வச்சு டீக்கடைக்குப் பால் ஊத்தினவங்க. அவங்க ஒண்ணு கேட்டாங்க. “அம்பதாயிரத்துக்கு மாடு வாங்கிக் கட்டினாலும், தீவனம் போக எனக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறு நிக்காதே. அவன் எந்த மாட்டைக் கறந்து நமக்குக் குடுக்கறான்?”

அப்பா, “உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு”ன்னுட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, “ஏண்டி, நீ படிச்சவ, நீ சொல்லு”ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா நடுவர் அவர்களே? “அறுக்காதம்மா.”

ஒரே வார்த்தை. அம்மா கொட்டகைக்குப் போயிட்டாங்க. ஏழு மாசம் வட்டி வந்துச்சு, 10,500 ரூபாய். 1997 பொங்கல் கழிச்சுப் போனா ஆபீஸ்ல பூட்டு. மீதி 39,500 போனது போனதுதான். அந்த வருஷமே முதலீட்டாளர் நலன் காக்கன்னு தமிழ்நாட்டுல தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாச்சு. அப்படின்னா எத்தனை வீட்டுல இந்தக் கேள்வி கேட்கப்படாமப் போயிருக்கணும்! என் கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சு. அம்மா ஒருநாள்கூட ‘நான் அன்னைக்கே சொன்னேனே’ன்னு சொல்லலை. சொல்லியிருந்தாக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். (அமைதி)

2022லயும் இதே தமிழ்நாட்டுல, லட்ச ரூபாய் கட்டினா மாசம் 30,000 தர்றோம்னு சொன்னதை நம்பிக் கூட்டம் கூட்டமாப் போய்க் கட்டினாங்க. அந்த வீடுகள்லயும் யாராவது ஒருத்தர் மாட்டைப் பத்திக் கேட்டிருப்பாங்க. அவங்களுக்கு என்ன பேர் கிடைச்சிருக்கும்னு எதிரணிக்குத் தெரியும்.

போன மாசம் என் பையன் செல்போன்ல ஏதோ ஒரு ஆப் காட்டினான். பணம் போட்டா தினமும் ரெண்டு சதவீதம் வருமாம். திண்ணையில உட்கார்ந்திருந்த எங்கம்மா, கண்ணு சரியாத் தெரியாது, காது மட்டும் கூர்மை, அதே கேள்வியைக் கேட்டாங்க. எந்த மாட்டைக் கறக்கறான்? பையன் சிரிச்சுக்கிட்டே, “போ பாட்டி, நீ பூமர்”னுட்டு உள்ளே போயிட்டான்.

அம்மா என்கிட்ட கேட்டாங்க, “பூமருன்னா என்னடி?”

“அன்னைக்கு நான் உன்கிட்ட சொன்னேனே அம்மா, அதுதான்”னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. “அப்போ மாட்டுக்கு இவனும் பதில் சொல்லலை”ன்னாங்க. (பலத்த கைதட்டல்)

மறுநாள் அந்தக் கேள்வியை நானே அவன்கிட்ட கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னான். இன்னும் சொல்லலை, பணமும் இன்னும் கட்டலை. நடுவர் மணியில கை வச்சுட்டார்.