உப்பு நீர் சூழ்ந்த ஊரில் முதல் நாள்

அயல்நாட்டு நகரொன்றில் அடி வைத்த முதல் நாளை எவ்வாறு கழிப்பது என்பது பற்றிப் பிரயாண நூல்கள் பலவாறு கூறும். காலையில் இது, நண்பகலில் அது என்று அவை வகுத்துத் தரும் அட்டவணை, பள்ளிக்கூடத்துப் பாடவேளைப் பட்டியலை ஒத்திருக்கும். மணி அடித்தால் எழுந்து அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான்!

நானும் என் துணைவியும் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் கழித்த முதல் நாளும் அத்தகைய பட்டியலுடன்தான் தொடங்கிற்று. பட்டியல் என்னுடையது. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகராய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விளங்கி, 1453-இல் துருக்கிய மன்னர் இரண்டாம் மெகமதுவின் வசமான நகரம் அது. ஆகவே ஹாகியா சோபியா முதலிடம் பெற்றது. ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 537-இல் கட்டி முடித்த தேவாலயம். 1453-க்குப் பின் பள்ளிவாசல். 1935 முதல் காட்சிச்சாலை. 2020 முதல் மீண்டும் பள்ளிவாசல். அதன் எதிரே நின்று, முதலில் எழுப்பிய குவிமாடம் 558-இல் இடிந்து வீழ்ந்ததையும், பின்னர் அதனினும் உயரமாகக் கட்டியதையும் நான் விரித்துரைத்துக் கொண்டிருந்தேன். துணைவி இடைமறித்தாள்.

"மூன்று பக்கமும் கடல் என்கிறீர்களே, இத்தனை ஜனங்களும் குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்?"

அவள் இராமநாதபுரம் சீமையில் கடலோரச் சிற்றூரொன்றில் பிறந்தவள். கிணற்று நீர் உவர்ப்பாதலால் ஊருணிக்குக் குடத்துடன் நடந்து வளர்ந்தவள். கடலைக் கண்டால் பிறர்க்கு அலை தோன்றும். அவளுக்குக் குடம் தோன்றும்.

சரித்திர நூல்கள் முற்றுகைகளைச் சொல்லும். மதிலுக்குள் அடைபட்டோர் எந்த நீரைப் பருகினர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எங்கள் கேள்விக்கு விடை சில நூறு அடித் தொலைவிலேயே, பூமிக்கு அடியில் இருந்தது. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினோம்.

அதுவும் ஜஸ்டினியன் காலத்து நீர்த்தொட்டியே. தொட்டி என்னும் சொல் அதற்குச் சிறிது. வரிசைக்கு 28 வீதம் 12 வரிசைகளாக 336 தூண்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம். நகருக்கு வெளியேயிருந்து கற்கால்வாய்களின் வழியே கொணர்ந்த நீரை இங்கே தேக்கினர். பிற்காலத்தில் இப்படி ஒன்று இருப்பதையே வெளியுலகம் மறந்துவிட்டது. ஆனால் மேலே குடியிருந்தோர் தம் வீட்டுத் தரையிலிருந்த துளைகளின் வழியே வாளியிறக்கி நீர் மொண்டு வந்தனர். சிற்சில வேளை மீனும் பிடித்தனர். 16-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பியேர் ஜில் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைக் கேள்வியுற்று, படகேறித் தீவட்டி வெளிச்சத்தில் இத்தூண்களிடையே சுற்றி வந்தார்.

ஒரு மூலையில் இரு தூண்களுக்கு அடிக்கல்லாக மெதுசா என்னும் கிரேக்க அரக்கியின் தலைகள் கிடக்கின்றன. ஒன்று தலைகீழாக, மற்றொன்று பக்கவாட்டில். கூட்டம் முழுவதும் அங்கேதான் படம் பிடித்துக்கொண்டிருந்தது. என் துணைவியோ, "இதைத் தூர் வாரினார்களா?" என்று கேட்டாள். வாரினார்கள், 1980-களில் நடந்த சீரமைப்பின்போது சேற்றை அள்ளியதில்தான் அத்தலைகளே வெளிப்பட்டன. அதைக் கேட்டு, தன் ஊர்க் காரியம் செவ்வையாக நடந்ததுபோல் தலையசைத்தாள்.

மாலையில் படகேறி பாஸ்பரஸ் ஜலசந்தியைக் கடந்தோம். ஏறத்தாழ இருபது நிமிஷத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா! மேல்மட்ட நீர் கருங்கடலிலிருந்து தெற்கே ஓட, அதன் அடியில் உவர்ப்பு மிகுந்த நீர் வடக்கே ஓடுகிறது. செம்படவர் அறிந்திருந்த இச்செய்தியை, 1679-இல் இங்கு வந்த மார்சிலி என்னும் இத்தாலியர், கயிற்றில் வெண்ணிறத் தக்கைகளைக் கோத்து நீரில் இறக்கி மெய்ப்பித்தார். நான் இதனைச் சொன்னபோது அவள் இடை குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வந்த கால்வாய் இப்போதும் இருக்கிறதா?"

நகரின் நடுவே, 4-ஆம் நூற்றாண்டில் வாலென்ஸ் சக்கரவர்த்தி காலத்தில் கட்டிய கால்வாய் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் கீழே பெருஞ்சாலையொன்று செல்கிறது என்றேன்.

"அப்படியானால் நாளைக் காலையில் அங்கே" என்றாள்.

பட்டியலை எடுத்துப் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன்.