காசிக்குப் படிக்கப் போன நெல்லை மாணவர்



ஊர்விட்டு ஊர் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் கவலை பாடம் இல்லை. சாப்பாடும் பேச்சும்தான்.

பாரதியார் நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். 1898-இல் தந்தை காலமானார். அப்போது அவருக்கு வயது 15. காசியில் இருந்த அத்தை குப்பம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். அனுமன் கட்டத்துச் சிவமடத்தில் தங்க இடம் கிடைத்தது, நம்ம ஊர்ச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் தெருவில் கால் வைத்தால் இந்தி!

பையன் மடத்துக்குள்ளேயே முடங்கவில்லை. இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார். அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் தேறினார். கூடவே குடுமி போய், மீசையும் தலைப்பாகையும் வந்தன. மாமா கிருஷ்ணசிவனுக்கு வந்ததே கோபம்!

ஒரு திருவாதிரை நாள். மடத்தில் பூசை. பாட வேண்டிய ஓதுவார் வரவில்லை. அந்த மீசைக்காரப் பையனே முன்வந்து திருவெம்பாவை பாடினாராம். மாமாவின் கோபம் அதோடு கரைந்ததாகச் சொல்வார்கள்.

புது ஊரின் பேச்சைக் கற்றுக்கொண்டார். சொந்த ஊரின் பாட்டை மறக்கவில்லை. இரண்டும் இருந்ததால் காசி அவருக்கு அந்நியமாகவில்லை.

டெல்லிக்கோ ஜெர்மனிக்கோ கிளம்புகிற பிள்ளைகளே, பெட்டியில் பருப்புப்பொடி தாராளமாக இருக்கட்டும். போன முதல் வாரமே, அந்த ஊர்க் கடைக்காரரிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகுங்கள். பாதி ஊர் உங்களுடையதாகிவிடும்.