கெடுத்தவன் கட்டட்டும் காப்பீடு!

பாலாற்றுப் பகுதி கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை



இன்சூரன்ஸ் என்றால் நமக்குத் தெரிந்தது எல்.ஐ.சி., பயிர்க் காப்பீடு, வண்டி இன்சூரன்ஸ். இன்னொன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பொறுப்புக் காப்பீடு. நம்மாலே அடுத்தவனுக்கு நஷ்டம் வந்தால், நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும். டிராக்டருக்கு 'தேர்டு பார்ட்டி' கட்டுகிறோமே, அது இந்த வகைதான். அமெரிக்காவிலே வீட்டுக்கும் காருக்கும் எடுத்த பாலிசிக்கு மேலே, இன்னும் பெரிய தொகைக்கு ஒன்று எடுக்கிறார்கள். குடை பாலிசி என்று பெயர்.

"அப்போ நாமும் ஒரு குடை வாங்கிட்டா, கெணறு கெட்டதுக்குப் பணம் வருமா?" என்று கேட்கிறார்கள். வராதுங்க. நம்மால் பிறருக்கு வந்த கேட்டுக்குத்தான் அது பணம் தரும். பிறரால் நமக்கு வந்த கேட்டுக்கு ஒரு பைசா தராது. டிராக்டருக்குக் கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், அது சட்டம். டிரெய்லரில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிப்போய்க் கவிழ்த்தால், "விவசாயத்துக்கு எடுத்த பாலிசி" என்று கம்பெனி கை விரித்துவிடலாம். அப்புறம் தீர்ப்புத் தொகைக்கு நிலம்தான் போகும்.

ஒரு டிராக்டர் வைத்திருக்கிற விவசாயிக்கே இந்தப் பொறுப்பு என்றால், ஊர்த் தண்ணீரையே கெடுக்கிறவனுக்கு என்ன பொறுப்பு? இதுதான் நம்ம கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984 போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருளைக் கையாளுகிற முதலாளி கட்டாயம் பாலிசி எடுக்க வேண்டும். விபத்து நடந்தால், முதலாளி தப்பு செய்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து காதுக்கு வந்ததும் கலெக்டரே விசாரித்து, மனு கொடுங்கள் என்று விளம்பரம் செய்ய வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் மனு போடலாம். இந்தப் பணம் வாங்கினாலும் மேற்கொண்டு கேட்கிற உரிமை போகாது. இத்தனையும் சட்டத்தில் இருக்கிறது. நம்ம கிராமத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் வந்தபோது அதில் ஓர் உயிருக்கு எழுதிய நிவாரணம் 25,000 ரூபாய். சொத்து நஷ்டத்துக்கு அதிகபட்சம் 6,000. கறவை மாடு ஒன்று வாங்க முடியுமா அந்தக் காசில்?

விபத்து நமக்குப் புதிதல்ல. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மாண்டார்கள். அது ஒரே ராத்திரியில் நடந்தது, நாடே பார்த்தது. நம்ம கிணற்றில் நடப்பது அப்படியா? இருபது, முப்பது வருஷமாய்ச் சொட்டுச் சொட்டாய் இறங்கினது. எந்தத் தேதியில் விபத்து என்று மனுவில் எழுதுவது? தென்னை காய்ந்தபோதா, நெல் பதரானபோதா? விபத்துக்கு எழுதின சட்டத்துக்குள் இந்த மெல்லக் கொல்லும் விஷம் லேசில் அடங்காது.

அதனால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ல் அது 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. அதையும் முழுசாய் வாங்க நடையாய் நடந்தோம். 2025 ஜனவரி 30-ல், தீர்ப்பு வந்து 28 வருஷம் கழித்து, பாக்கி உள்ளவர்களுக்கு அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டது. இதற்குள் எத்தனை பெரியவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

இன்னொரு பாடமும் இருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை மலையாய்க் குவித்துவிட்டுப் போனார்கள். கம்பெனியை மூடினால் பிரீமியம் நின்றுவிடும். விஷம் நிற்குமா? மழைக்கு மழை இறங்கிக்கொண்டே இருக்கும்.

டேனரியை மூடு என்று நாம் சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டிலே நம்ம பெண்களும் பிள்ளைகளும் அந்தத் தொழிலில்தான் கூலி வாங்குகிறார்கள். தொழில் நடக்கட்டும், அதன் பொறுப்பை நம்ம தலையில் இறக்காதே என்கிறோம். நம்ம கோரிக்கைகள்:

1. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டிய ஆலைகள் எவை, எடுத்தவை எவை என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. 2001 பட்டியலைக் கிராமம் கிராமமாய்ப் படித்து, பாக்கித் தொகையை வாரிசுகளுக்கு அலைக்கழிக்காமல் கொடுக்க வேண்டும்.

3. மெல்ல இறங்கும் மாசுக்கும், மூடிய பிறகு வரும் கேட்டுக்கும் ஒவ்வோர் ஆலையும் முன்கூட்டியே வைப்புத்தொகை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இயங்கும் இசைவைப் புதுப்பிக்கக் கூடாது.

தாய்மார்களே, நாமும் செய்ய வேண்டியது உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று நான்கையும் ஒரே பையில் வையுங்கள். வருஷம் ஒரு தரம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, தேதி போட்ட சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். "தண்ணி கெட்டுப்போச்சு சாமி" என்று வாயால் அழுதால் கோர்ட்டு கேட்காது. காகிதம் பேசினால் கேட்கும்.

கெடுத்தவன் கட்டட்டும்! கெட்டவனுக்குக் கிடைக்கட்டும்! பாலாறு நம் உரிமை! வெல்லட்டும் விவசாயிகள் ஒற்றுமை!