தலைச்சுமையும் கழுத்தின் கட்டுப்பாடும்

இயன்முறை மருத்துவர்களும் உடலியல் ஆய்வாளர்களும் பொறியாளர்களும் இந்தக் கருத்தரங்கில் ஒன்றுகூடியிருக்கிறோம். ஆரோக்கியமான ஒருவரின் தலையில் எடை கூடினால் அவர் கழுத்தை அசைக்கும் விதம் எப்படி மாறுகிறது என்பதே நமது பொருள். இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே 'எத்தனை கிலோ?' என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி போதாது என்பது என் வாதம். எடை தலையின் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறது, அந்தத் தலை திரும்ப வேண்டியிருக்கிறதா என்ற இரண்டும் தெரியாமல் வெறும் கிலோக் கணக்கை வைத்துக் கழுத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ இருக்கும். அதன் ஈர்ப்பு மையம், மண்டையோடு முதல் கழுத்தெலும்பின்மேல் உட்காரும் மூட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவரின் தலை மார்பை நோக்கிச் சரிவது அதனால்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பிடரித் தசைகள் தலையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மண்டையோட்டின் அடியில் உள்ள சிறு தசைகளில் நீட்சியை உணரும் உறுப்புகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அவை தரும் செய்தியோடு உட்செவியின் அரைவட்டக் குழல்களும் கண்ணும் தரும் செய்திகளைச் சேர்த்துத்தான் மூளை தலையை நிலைநிறுத்துகிறது. இந்த ஏற்பாட்டின் முன்பக்கத்தில் அரைக் கிலோ மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டினால், ஏற்கெனவே முன்னால் சாய நினைக்கும் தலைக்கு இன்னும் ஒரு இழுப்பு சேர்கிறது.

பின்பக்கம் அதற்கு ஈடாக எடை வைத்தால் தீர்ந்துவிடாதா என்று பொறியாளர்கள் கேட்பார்கள். ஹெலிகாப்டர் விமானிகள் இரவுப் பார்வைக் கருவியை நெற்றிக்கு முன்னால் மாட்டும்போது தலைக்கவசத்தின் பின்னால் எதிர் எடை வைப்பது இந்த எண்ணத்தில்தான். தலை நேராக, அசையாமல் இருக்கும்வரை அது உதவும். ஆனால் தலையைத் திருப்பத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. எதிர் எடை புவியீர்ப்பின் இழுப்பைச் சமன் செய்கிறது, நிலைமத்தையோ கூட்டுகிறது. சுழலும் அச்சிலிருந்து அந்த எடையின் தூரம் இரண்டு மடங்கானால், அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது திருப்பத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, நான்கு மடங்காகும். தலையின் நிலைமம் 44 சதவீதம் கூடி, தசைகளின் விறைப்பு மாறாமல் இருந்தால், தலையும் கழுத்தும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். எடை ஏற்றாதபோது அந்த வேகம் சுமார் 2 முதல் 3 ஹெர்ட்ஸ். நடக்கும்போது நாம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு எட்டு வைக்கிறோம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்: அதிர்வு வேகம் குறையக் குறைய, ஒவ்வொரு எட்டும் தரும் குலுக்கலுக்குத் தலை எளிதில் ஆட்படும். இதைத் தடுக்கக் கழுத்துக்கு இருக்கும் முக்கியமான வழி, எதிரெதிர்த் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்கி விறைப்பைக் கூட்டுவது. தலை நிலையாக இருக்கும்; தசைகள் களைத்துப்போகும்.

தலையில் குடமும் செங்கல்லும் சுமப்பவர்களைக் காட்டி இந்த வாதத்தை மறுப்பவர்கள் உண்டு. 1986இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் ஆற்றல் செலவின்றிச் சுமந்ததாகப் பதிவாயிற்று. இது எல்லாச் சமூகத்தினருக்கும் பொருந்தாது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அது ஒருபுறம் இருக்கட்டும்; அந்த ஆய்வு அளந்தது நடைக்கான ஆற்றலை. கழுத்தின் கட்டுப்பாடு அதில் வரவில்லை. நம் ஊர்க் கட்டட வேலையில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கும் சித்தாளைக் கவனியுங்கள். யாராவது கூப்பிட்டால் அவர் கழுத்தைத் திருப்புவதில்லை. தோளும் இடுப்புமாக முழு உடம்பையும் திருப்புகிறார். கரகம் ஆடுபவரும் அப்படியே, காலும் இடுப்பும் ஆட, தலையை அசைக்காமல் காக்கிறார். சுமையை அச்சின்மேல் வைத்து, கழுத்துக்குத் திரும்பும் வேலையே தராமல் பார்த்துக்கொள்ளும் திறமை அது. நொடிக்கு நொடி பக்கவாட்டில் பார்க்க வேண்டிய விமானிக்கோ இருசக்கர ஓட்டுநருக்கோ அந்த வசதி கிடையாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஆரோக்கியமானவர்கள் எடையைப் போட்டுக்கொண்டும் சரியாகத்தானே தலையைத் திருப்புகிறார்கள், பிறகு என்ன கவலை என்பது. 1991இல் ரெவெல் குழுவினர் வகுத்த சோதனையை எடுத்துக்கொள்வோம். தலையில் ஒளிக்கற்றைக் கருவி, 90 செ.மீ. தொலைவில் குறிப்பலகை. கண்ணை மறைத்துத் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 4.5 டிகிரிப் பிழை, பலகையில் ஏறத்தாழ 7 செ.மீ. விலகலாகத் தெரியும். எடை ஏற்றிய பிறகும் பிழை கூடவில்லை என்றால் பாதிப்பு இல்லை என்று எழுதிவிடுகிறோம். எடை கூடும்போது தசை உணரிகளின் செய்தி வலுத்து, பிழை குறையவும் வாய்ப்புண்டு. அது உண்மையான ஆதாயம்தான். ஆனால் அதே புள்ளியில் வந்து நிற்பதற்குக் கழுத்து எவ்வளவு இறுகியது, இருபது நிமிடம் கழித்தும் அப்படி நிற்குமா என்பதைப் பலகை சொல்லாது. சுமப்பவர்கள் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கு இந்த நேரக் கணக்கு தெரிந்திருந்தது. நம் ஆய்வகங்கள் அதைப் பல நேரம் மறந்துவிடுகின்றன.

இதையெல்லாம் தலைக்கவசத்துக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008இல் வந்த காக்ரேன் திறனாய்வின்படி, தலைக்கவசம் இருசக்கர வாகன விபத்தில் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. அதை மாட்டத்தான் வேண்டும். இந்தியத் தரநிலை ஒரு கட்டத்தில் அதன் எடையை 1.2 கிலோவுக்குள் நிறுத்தியிருந்ததும் நல்ல முடிவு. ஆனால் அந்த எடை தலையில் எப்படிப் பரவியிருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். அதற்கான தரவைத் தர வேண்டியவர்கள் நாம். ஆகவே கட்டுரை படிக்கவிருக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: எடையைக் குறிப்பிடும் இடத்திலேயே அதன் ஈர்ப்பு மையத்தையும், அணிந்திருந்த நேரத்தையும், தசை மின்பதிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.