அறுவை சிகிச்சையும் செவிலியர் பணிவிடையும்

(நமது ஜமாஅத் நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

 

பெரிய ஆபரேஷன் என்றால் மதுரைக்கு ஓடுவதே முன்பு நம் திண்டுக்கல் மக்களின் வழக்கம். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நம் ஊர்க் கல்லூரியும் ஒன்று. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் செலவுச் சுமையைக் குறைத்து வருகிறது. அல்ஹம்துலில்லாஹ்!

எனினும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம் "நன்றாகக் கவனித்தார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆபரேஷன் தியேட்டரில் நடந்ததை அவர் சொல்ல மாட்டார். அப்போது அவர் மயக்கத்தில் இருந்தார். நடுநிசியில் வலி என்றபோது நர்ஸ் வந்தாரா, முகம் சுளிக்காமல் பேசினாரா, கட்டு மாற்றும்போது மறைப்புக்குத் திரை இழுத்தாரா என்பதையே சொல்வார். நோயாளியின் மனநிறைவு பெரும்பாலும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் அம்பு பாய்ந்து காயமுற்றார்கள். மஸ்ஜிதுந் நபவியில் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்து வந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் அவர்களைத் தங்க வைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போது, "எப்படி இருக்கிறீர்?" என்று விசாரிப்பார்கள்; ஸஅத் (ரலி) அவர்களும் தம் நிலையைச் சொல்வார்கள் என வரலாறு கூறுகிறது. கேட்பவர் கேட்க வேண்டும். நோயாளி உள்ளதைச் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே நல்ல பணிவிடை.

நம்மிடம் குறைவாக இருப்பது இரண்டாவது. கூச்சத்தாலும் அச்சத்தாலும் நம்மவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், வாய் திறப்பதில்லை. கேட்டால் "எல்லாம் திருப்தி" என்று சொல்லி விடுகிறார்கள். மௌனம் திருப்தி ஆகாது.

ஆபரேஷனுக்கு முன் நர்ஸிடம் கேட்க வேண்டியவை: எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம்? சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அன்று காலை போடலாமா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நகைகளையும் தாயத்தையும் கழற்றச் சொன்னால் வருந்த வேண்டாம்; மின்கருவியைக் கொண்டு அறுக்கும்போது உடலிலுள்ள உலோகத்தால் தீப்புண் ஏற்படக்கூடும்.

பெயரையும் ஆபரேஷன் செய்யும் இடத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக் கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பின்பற்றியபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததென 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அக்கேள்விகள் நம் உயிரைக் காப்பவை.

ஆபரேஷனுக்குப் பின் வலியை மறைக்காதீர்கள். வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழ்ந்து மூச்சிழுக்காமலும் படுத்திருந்தால் நுரையீரலில் சளி கட்டும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். மருத்துவர் அனுமதித்ததும் நர்ஸின் துணையோடு எழுந்து நடப்பதே நல்லது. வீடு திரும்புமுன், காயத்தைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ யாரிடம் வர வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை 2019-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. நோயாளிக்கு விளங்கும் மொழியில் விவரம் பெறுவதும், ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருப்பதும் அதில் உரிமைகளாகவே கூறப்பட்டுள்ளன.

நமக்கும் கடமை உண்டு. ஒரு நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேர் வார்டில் கூடி நின்றால் நர்ஸ் எவ்வாறு பணி செய்வார்? நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்; அவருடைய ஓய்வைக் கெடுப்பது சுன்னத் ஆகாது. இரவெல்லாம் பல படுக்கைகளைப் பார்த்துக் கொள்ளும் அச்சகோதரியிடம் குரலை உயர்த்தாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

இறுதியாக இரு வேண்டுகோள்கள். பைத்துல்மாலில் மருத்துவ உதவி கேட்டு வருவோருக்குப் பணத்துடன் இக்கேள்விகளையும் அச்சிட்டுத் தர நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். பிளஸ் டூ முடித்த மகள் நர்ஸிங் படிக்க விரும்பினால், "அது நமக்கு வேண்டாம்" என்று தடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண்ணே பணிவிடை செய்ய வேண்டுமென விரும்பும் நாம், நம் பெண்களை அப்பணிக்கு அனுப்பத் தயங்கலாமா? ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் பள்ளிவாசலில்தானே இருந்தது!

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்கு நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.