சாலையின் நாடி



இருப்புப்பாதையைக் கீமேன் நாள்தோறும் நடந்து பார்க்கிறார். தார்ச்சாலைக்கு அத்தகைய காவல் ஏது? பள்ளம் ஒரே மழையில் பிறப்பதன்று. முதலில் மயிரிழை வெடிப்பு. பின்னர் முதலைத்தோல் போன்ற பிளவு. அதன்வழி நீர் இறங்கி அடித்தளம் இளகுகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த பெருஞ்சோதனையில், காரில் சென்றோர் சாலைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டனர். அவற்றை, கருவிகள் அளந்த மேடுபள்ளங்களோடும் வெடிப்புகளோடும் பொருத்தியே சாலை தளரும் காலத்தைக் கணித்தனர். நம் புனேயிலும், பத்தாண்டு உத்தரவாதத்துடன் 1976-இல் அமைந்த ஜங்கிலி மகாராஜ் சாலை நெடுங்காலம் பள்ளமின்றி நின்றது.

சென்ற மழையில் நம் காலனி முனையில் ஒரு மூதாட்டி விழுந்து கால் முறிந்தார். அங்கே வெடிப்பை மார்ச்சிலேயே கண்டோம், மனு எழுதினோமில்லை. வரும் மார்ச்சில் சுண்ணக்கட்டியுடன் தெருவைச் சுற்றி, வெடிப்புகளைக் குறித்து மாநகராட்சிக்கு எழுதுவோம். பிள்ளைகளும் வரலாம், குனிந்து பார்க்க அவர்களுக்கே எளிது.