ஏழைக்குப் பிணை யார்?



பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வருகின்றவர்களிடம் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே விதமான கேள்விகளைக் கேட்டுப் பழகியவன் நான். வீடு எங்கே? எத்தனை ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறீர்கள்? வீட்டில் யார் யார் உளர்? தகப்பனாருக்கு என்ன தொழில்? சேர்க்கைப் பதிவேட்டின் கட்டங்களை நிரப்புவதற்கு மேல் இக்கேள்விகளுக்கு ஒரு பயன் உண்டு என்று நான் அப்போது எண்ணியதில்லை. இவற்றையே கேட்டுச் சிறைக்கதவைத் திறக்கச் செய்த சட்டக் கல்லூரி மாணாக்கர் சிலரைப் பற்றி ஓய்வு பெற்ற பின்னரே படித்தேன். அவர்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இடம் அமெரிக்காவில் நியூயார்க் நகரம். காலம் 1961ஆம் ஆண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் விசாரணை நாளன்று தவறாமல் வருவார் என்பதற்கு ஈடாக ஒரு தொகை கட்டினால் வெளியே இருக்கலாம். இயலாதவர் உள்ளே இருக்க வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். சொல்வதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வழக்கம் நடைமுறையில் எப்படி ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பணம் உள்ளவர் குற்றவாளியாயினும் வீட்டில் உறங்குவார். இல்லாதவர் குற்றமற்றவராயினும் சிறையில் கிடப்பார். புரூக்ளின் சிறையில் ஏராளமான இளைஞர்கள் இவ்வாறு வாரக்கணக்கில் அடைபட்டிருந்த செய்தி லூயி ஷ்வைட்சர் என்னும் செல்வரின் செவிக்கு எட்டியது. அவர் ருஷ்ய நாட்டிலிருந்து குடியேறிய இரசாயனப் பொறியாளர். அந்த இளைஞர்களுக்குத் தாமே பணம் கட்டிவிடலாமா என்றுதான் முதலில் எண்ணினார். அவ்வாறு செய்தால் பணம் இருந்தால்தான் விடுதலை என்னும் பிழை அப்படியே நிற்கும் என்பதை உணர்ந்து அதனைக் கைவிட்டார். பத்திரிகையாசிரியரான ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்பவரைத் துணைக்கொண்டு, தம் தாயாரின் பெயரால் வேரா என்னும் அறநிறுவனத்தை ஏற்படுத்தினார். அந்நிறுவனம் 1961 அக்டோபரில் மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தைத் தொடங்கிற்று.

அத்திட்டத்தின் கைகால்களாக விளங்கியவர்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணாக்கர். கைதானவர் நீதிபதியின் முன் கொண்டுவரப்படுவதற்கு முன்னரே, நீதிமன்றத்தின் பின்னால் உள்ள அடைப்புக்குள் சென்று அவரைக் காண்பார்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் வேலை அன்று. குடியிருப்பு, குடும்பம், தொழில், முன்வழக்குகள் ஆகியவற்றைக் கேட்டு மதிப்பெண் இடுவார்கள். ஐந்து மதிப்பெண்ணும் நகரத்தில் ஒரு முகவரியும் இருந்தால் அவர் தகுதியுடையவர். கொலை, போதைப்பொருள் போன்ற வழக்குகளைத் தொடக்கத்தில் விலக்கியே வைத்தார்கள். பிறகு, கைதானவர் கூறியது மெய்தானா என்று அவருடைய உறவினரையோ முதலாளியையோ தொலைபேசியில் விசாரித்து உறுதி செய்துகொண்டு, பணப்பிணை இன்றி இவரை விடலாம் என்று ஒரு தாளில் எழுதி நீதிபதிக்கு அளிப்பார்கள். மேடைப் பேச்சு இல்லை. கறுப்பு அங்கி இல்லை. பரீட்சையில் மதிப்பெண் கிடைக்காத வேலை என்றும் சொல்லலாம்!

இங்கே ஒரு செய்தி என் மனத்தை உறுத்துகிறது. முதல் ஆண்டில் தகுதி பெற்றவர்களை இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருடைய தாளை மட்டும் நீதிபதியிடம் கொடுத்தார்கள். மற்றவருடைய தாளைக் கொடாமல் வைத்துக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. விடுதலைக்குத் தகுதியுண்டு என்று தெரிந்தும் ஒரு மனிதரை உள்ளே இருக்கவிட்ட அந்த மாணாக்கர் அன்றிரவு எப்படி உறங்கினாரோ, நான் அறியேன். ஆயினும் அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால் பிற்பாடு எவரும் நம்பியிரார் என்பதையும் மறுப்பதற்கில்லை. தாள் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேரை நீதிபதிகள் பணமின்றி வெளியே விட்டார்கள். கொடுக்கப்படாதவர்களில் அவ்வாறு வெளிவந்தோர் ஏறத்தாழ 15 பேரே. அதைவிட வியப்பு வழக்குகளின் முடிவில் இருந்தது. முதல் பகுதியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் குற்றமற்றவர் எனப்பட்டோ வழக்குத் தள்ளுபடியாகியோ மீண்டார்கள். மறு பகுதியினரில் அப்படி மீண்டவர் 23 பேர்தாம்.

தகுதியில் ஒத்தவர்களிடையே இத்துணை வேற்றுமை ஏன்? உள்ளே கிடப்பவர் தமக்குச் சாட்சி சொல்லக்கூடியவரைத் தேடிப் போக முடியாது. வேலை போய்விடும், வேலை போனால் வாடகை நின்றுவிடும். காவலர் சூழ, கசங்கிய சட்டையும் மழியாத முகமுமாக வந்து நிற்கின்றவரைக் காணும் கண்ணே அவரைப் பாதி குற்றவாளியாக்கிவிடுகிறது. வகுப்பில் வெளியே நிறுத்தப்பட்ட பையனைப் பார்த்தவுடன் அவன்தான் தவறு செய்திருப்பான் என்று நானே எத்தனை முறை முடிவு கட்டியிருக்கிறேன்!

அவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்பீர்கள். 1964 ஏப்ரல் வரையில் இவ்வகையில் வெளியே விடப்பட்டவர் 2,195 பேர். அவர்களுள் விசாரணைக்கு வாராதவர் 15 பேரே. அவ்வாண்டே அமெரிக்கத் தலைநகரில் பிணை பற்றிய தேசிய மாநாடு கூடியது. 1966இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்ட பிணைச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. 1990இல் அதே வேரா நிறுவனம் ஹார்லெம் பகுதியில் ஏழைகளுக்காக வழக்காடும் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. நீதிமன்றத்தின் அருகில் வையாமல் மக்கள் குடியிருக்கும் பகுதியிலேயே அதனை வைத்தது குறிப்பிடத்தக்கது. இத்தகைய அலுவலகங்களில் சட்ட மாணாக்கர் பயிற்சி பெறுவது இன்று அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது.

இந்த அலை நம் நாட்டுக் கரையையும் தொட்டது. 1978இல் மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கு நம் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அவருக்குப் பதினாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, ஜாமீன் தர வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று கீழ்நீதிமன்றம் அவரை மறுத்துவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதனைக் கடிந்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையின்பேரில் அவரை விடுவித்தார். அடுத்த ஆண்டு பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் வாடியவர்களைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. அதில் நீதிபதி பகவதி மன்ஹாட்டன் திட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஒருவர் தம் ஊரில் வேரூன்றியவரா என்பதைக் குடியிருப்பு, தொழில், குடும்பம் முதலியவற்றைக் கொண்டு அறியலாம் என்றும் தீர்ப்பளித்தார். அந்த நியூயார்க் மாணாக்கர் கேட்ட கேள்விகளே அவை.

ஆனால் அக்கேள்விகளுக்குரிய விடையை யாரேனும் ஒருவர் போய்த் தேடிக் கொணர வேண்டுமே! சட்டம் படிப்போர் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி பெற வேண்டும் என்பது வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதி. பெரிய வழக்கறிஞரின் குளிர்ந்த அறையிலும் அவ்வாரங்களைக் கழிக்கலாம்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகக் கிளைச்சிறைக்கும் போகலாம். மாணாக்கர் நீதிமன்றத்தில் வாதாட இயலாது. கைதானவர் நம்பிக் கூறியதை வெளியே பேசவும் கூடாது.

என் பழைய மாணவன் ஒருவன் சட்டக் கல்லூரி விடுமுறையில் அப்படிப் போனான். அங்கே செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவர், வீட்டு வரி ரசீதோடு ஜாமீன் தர ஆளில்லாமல் 23 நாளாக அடைபட்டிருந்தார். சொந்த ஊர் வேறு மாவட்டம். இவன் இரண்டு பஸ் மாறி அந்த ஊருக்குச் சென்றிருக்கிறான். அவருடைய மகள் அவ்வூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள் என்பது தெரிந்தது. தகப்பனாரும் அதே பள்ளியில் படித்தவர். பழைய பதிவேட்டைத் தேடியெடுத்துத் தலைமையாசிரியர் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். சட்டப்பணி வழக்கறிஞர் அதனை நீதிமன்றத்தில் வைத்தார். நான்காம் நாள் அந்தத் தொழிலாளி சொந்தப் பிணையில் வெளியே வந்தார்.

"நான் சட்டம் ஒன்றும் பேசவில்லை, ஐயா. பஸ்ஸில் போய் வந்தேன், அவ்வளவுதான்" என்றான் அவன். தலைமையாசிரியர் எழுதிய சான்றில் எழுத்துப் பிழைகள் இரண்டு இருந்தனவாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். நீதிபதி அவற்றைப் பொருட்படுத்தவில்லையாம்.